குளிர்கோட்டு பெட்டிக்குள் போகுமுன்...



தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாசியும் முடியப் போகிறது. இனி ஸ்வெட்டர், ஜெர்கின், மப்ளர், குல்லா எல்லாவற்றுக்கும் நீண்ட லீவு. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கத்துச் சகோதரிகளுக்கு மட்டும் மூன்றே மாத லீவுதான். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சமயத்தில் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, 'ஜாக்கெட்டை எப்படிச் சுத்தம் செய்வது?' என்பதுதான். நம் ரவிக்கையைக் கேட்கிறார்களோ என்று நினைத்துவிடாதீர்கள்! வெளியே போகும்போது குளிருக்கும் மழைக்கும் மேலே மாட்டிக்கொள்கிற கோட்டைத்தான் கேட்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் ஜெர்கின்.

இந்த முறை நான்கு கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். சேலத்துச் சகோதரிக்குக் கம்பளிக் கோட்டில் அக்குள் பக்கம் மட்டும் ஓட்டை ஓட்டையாக இருக்கிறதாம். கோத்தகிரிச் சகோதரியின் ஜெர்கின் உள்பக்கம் செதில் செதிலாக உதிர்கிறதாம். சென்னையில் ஒருவருக்கு, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை கொடுத்த இறகுக் கோட்டு துவைத்ததும் கட்டி கட்டியாகிவிட்டதாம். நான்காவது கடிதம் ஏற்காட்டிலிருந்து. "மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். பரண் பெட்டியில் என் பிள்ளைகள் போட்ட கம்பளிக் கோட்டு, குல்லா எல்லாம் புதுசு போல இருக்கின்றன. பேரனுக்குப் போடலாமா?"

கேட்பதற்குச் சின்ன விஷயம் போலிருக்கும் இந்த நான்காவது கடிதத்துக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். முதல் மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

அக்குளில் மட்டும் ஏன் ஓட்டை?

அந்துப்பூச்சி துணியைத் தின்கிறது என்கிறோம். பறக்கிற அந்த வெளிர் நிறப் பூச்சி எதையுமே தின்பதில்லை. அது இடுகிற முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்கிறது. அதுவும் எல்லாத் துணியையும் தின்னாது. ஆட்டு ரோமம், பட்டு, பறவை இறகு போன்ற உயிரினங்களிலிருந்து வந்த பொருள்கள்தான் அதற்கு இரை. வெறும் நைலானையும் பாலியஸ்டரையும் அது சீண்டுவதில்லை.

கம்பளியிலும் அதற்குப் பிடித்த இடம், வியர்வை ஊறின இடமும் சாம்பாரோ காப்பியோ சிந்தின இடமும்தான். அக்குள், காலர், மணிக்கட்டு! சேலத்துச் சகோதரியின் கோட்டில் நடந்தது இதுதான். 'குளிர் முடிந்தது, நாலு தடவைதான் போட்டோம், அப்படியே மடித்து வைப்போம்' என்று வைப்பது, அந்துக்கு இலை போட்டுப் பரிமாறுவதற்குச் சமம். ஆகவே முதல் விதி: துவைக்காமல், நன்றாகக் காயவைக்காமல் எந்தக் கோட்டையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

கம்பளியை எப்படித் துவைப்பது? அதன் இழை ஒவ்வொன்றிலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் செதிலோடு செதில் கோத்துக்கொண்டு இறுகிவிடும். அப்பாவின் ஸ்வெட்டர் பிள்ளை அளவுக்குச் சுருங்குவது இப்படித்தான். கை பொறுக்கிற இளஞ்சூட்டுக்கும் குறைவான தண்ணீர் போதும். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிழிந்த நீர், அல்லது கம்பளிக்கென்றே விற்கும் திரவ சோப்பு நல்லது. கறை நீக்கும் என்சைம் கலந்த சலவைத் தூளும் பிளீச்சிங் பவுடரும் கூடவே கூடாது. அவை கறையோடு கம்பளியையும் சேர்த்து அரிக்கும்.

பத்து நிமிடம் ஊறவைத்து, மெல்ல அமுக்கி அமுக்கி எடுங்கள். அடித்துத் துவைக்க வேண்டாம், முறுக்கிப் பிழியவும் வேண்டாம். இரண்டு முறை அலசியபின், ஒரு பெரிய டவலை விரித்து அதன்மேல் கோட்டைப் பரப்பி, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அழுத்தினால் தண்ணீரை டவல் குடித்துவிடும். பிறகு நிழலில் பாய்மீது பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் கை இரண்டும் முழங்கால்வரை நீண்டுவிடும்!

செதில் உதிரும் ஜெர்கின்

1823-இல் சார்லஸ் மாக்கின்டாஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் கரைசலைப் பூசி ஒட்டி, தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்து மழைக்கோட்டுகள் வெயிலில் பிசுபிசுத்தன, குளிரில் விறைத்துக்கொண்டன. இன்றைய ஜெர்கினில் ரப்பருக்குப் பதில், உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பாலியூரிதேன் என்று பெயர். இதற்கு எதிரி ஈரமும் சூடும். ஈரத்தோடு மடித்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, ஓட்டுக் கூரையின் கீழ்ப் பரணில் வைத்தால் பூச்சு சிதைந்துபோகும். முதலில் ஒரு மக்கல் வாடை வரும், பிறகு பிசுபிசுப்பு, கடைசியில் செதில் உதிர்வு. கோத்தகிரிச் சகோதரி, உதிரத் தொடங்கிய பூச்சை மீட்க வழியில்லை. அதை மழை இல்லாத நாளுக்கு வைத்துக்கொண்டு, அடுத்ததையாவது காப்பாற்றுங்கள்.

காப்பாற்றுவது சுலபம். சட்டைப்பையெல்லாம் துழாவிப் பாருங்கள். பஸ் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், ஒரு பத்து ரூபாய் நோட்டுகூடக் கிடைக்கும்! ஜிப்பை மூடி, உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். காலரிலும் கை ஓரத்திலும் படிந்த எண்ணெய் அழுக்கில் திரவ சோப்பை விரலால் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மெதுவான ஸ்பாஞ்சால் துடையுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சோப்பு கொஞ்சமும் தங்கக் கூடாது. தங்கினால் அதுவே தண்ணீரை இழுக்கும்.

நல்ல ஜெர்கினின் வெளிப்பக்கத்தில், சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்த மழைத்துளி மாதிரி தண்ணீர் முத்து முத்தாக உருண்டோட வேண்டும். அப்படி ஓடாமல் துணி நனைந்து கறுத்தால், 'ஓட்டையாகிவிட்டது' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முக்கால்வாசி அழுக்குதான் காரணம். துவைத்து உலர்ந்தபின், லேபிளில் இஸ்திரி போடலாம் என்று குறி இருந்தால் மட்டும், மேலே ஒரு பருத்தித் துணி போட்டு மிகக் குறைந்த சூட்டில் தேயுங்கள். பல ஜெர்கின்களில் முத்து திரும்ப உருளும். கடைசி அலசலில் ஊற்றுகிற வாசனைத் திரவத்தை இதற்கு மட்டும் ஊற்றாதீர்கள். அது துணியை மெத்தென்று ஆக்கும், ஆனால் தண்ணீரைத் தள்ளும் குணத்தைக் கெடுத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. தண்ணீர் புகாத ரெயின்கோட்டை வாஷிங் மெஷினில் போட்டுச் சுழற்றிப் பிழியாதீர்கள். உள்ளே தேங்கின தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ஒரு பக்கமாகக் கனத்து, மெஷினே துள்ளிக் குதித்துக் கெட்டுப்போகலாம். கையால் அலசி, ஹாங்கரில் மாட்டி, நிழலில் சொட்டவிடுவதே நல்லது.

லேபிள் என்றேனே, கழுத்துப் பட்டையிலோ பக்கத் தையலிலோ சின்னச் சின்னப் படங்களோடு ஒரு துண்டு இருக்குமே, அதுதான். தண்ணீர்த் தொட்டிப் படத்தில் 30 என்றிருந்தால் 30 டிகிரிக்கு மேல் சூடு கூடாது. தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். முக்கோணம் பிளீச்சைக் குறிக்கும். சதுரத்துக்குள் வட்டம் இருந்தால் டிரையர். வெறும் வட்டம் டிரை கிளீனிங். எதன்மேல் பெருக்கல் குறி போட்டிருக்கிறதோ, அது ஆகாது. லேபிள் உறுத்துகிறதென்று கத்தரித்து எறியாதீர்கள். அதுதான் கோட்டின் ஜாதகம்!

கட்டி கட்டியான இறகுக் கோட்டு

உள்ளே வாத்து இறகின் அடித்தூவி இருக்கும். தூவிகளுக்கு நடுவே தங்குகிற காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. நனைந்ததும் தூவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சென்னைச் சகோதரி, உங்கள் கோட்டு கெட்டுப்போகவில்லை, முழுக்கக் காயவில்லை, அவ்வளவுதான். மறுபடி நனைத்து, கையால் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் பரப்பி, ஒரு மணிக்கு ஒருமுறை கட்டிகளை விரலால் நெருடி உதிர்த்து, கோட்டைத் தட்டித் தட்டி உதறுங்கள். இரண்டு மூன்று நாள் பிடிக்கும். டிரையர் உள்ளவர்கள் குறைந்த சூட்டில், சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு மூன்று சேர்த்துப் போட்டால் பந்தே கட்டியை உடைத்துவிடும். எடுத்து வைக்கும்போது இறுக்கிக் கட்டாமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

தோல் கோட்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. அதைத் தண்ணீரில் முக்கக் கூடாது. பூஞ்சை பூத்திருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள்.

மலைச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் துணி காயாது, உண்மைதான். அதற்காகக் கும்முட்டி அடுப்பில் கரியைப் போட்டு, கதவு ஜன்னலை மூடி, துணியைச் சுற்றிலும் தொங்கவிட்டுப் படுத்துவிடாதீர்கள். கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். கோட்டு ஈரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி, ஏற்காட்டுக் கடிதம்

பாச்சை உருண்டை, அந்துருண்டை, பூச்சி உருண்டை என்று ஊருக்கொரு பெயர். வெள்ளை வெளேரென்று மிட்டாய் மாதிரி இருக்கும். நாப்தலினால் ஆனது. மெல்ல மெல்ல ஆவியாகித் துணியில் ஏறிக்கொள்ளும். 'வாசனை இருந்தால் துணி பத்திரம்' என்று நம் அம்மாக்கள் காலத்திலிருந்து பெட்டியில் போட்டு வருகிறோம்.

எங்கள் உறவில் ஒரு பெண். தலைப்பிரசவத்துக்குக் குன்னூரில் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மார்கழிக் குளிர். ஆண் குழந்தை பிறந்தது. பாட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் பிள்ளைக்குப் பின்னிய கம்பளிக் கோட்டையும் போர்வையையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மாட்டிவிட்டார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் குழந்தையின் கண்ணும் உடம்பும் மஞ்சளாயின. பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம்தானே என்று ஒரு நாள் பார்த்தார்கள். பால் குடிக்காமல் துவண்டு போனதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா குழந்தையைத் தூக்கியதும் போர்வையை மோந்து பார்த்தார். "இந்தத் துணி எங்கே இருந்ததும்மா?"

"பெட்டியிலேதான். அந்து அரிக்காம பாச்சை உருண்டை போட்டுப் பத்திரமா வச்சிருந்தேன்."

"உடனே எல்லாத்தையும் கழட்டுங்க. வெளியே கொண்டுபோய் வைங்க."

ரத்தப் பரிசோதனையில், அந்தக் குழந்தைக்கு ஜி6பிடி என்ற என்சைம் குறைவு என்று தெரிந்தது. இந்தக் குறை பரம்பரையாக வருவது. ஆண் குழந்தைகளிடம் அதிகம். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். இந்தக் குறை உள்ளவர்களின் உடம்பில் நாப்தலின் ஏறினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கடுமையாகும். எல்லை மீறினால் மூளையையே பாதிக்கும். குறை இல்லாத பச்சைக் குழந்தைகளுக்கும் இது நல்லதல்ல. அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலும் உள்ளே போகும், தோல் வழியாகவும் போகும். நாப்தலின் எண்ணெயில் கரையக்கூடியது. ஆகவே எண்ணெய் தேய்த்த உடம்பில் இன்னும் சுலபமாக ஏறிவிடும். நம் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள், எண்ணெய் தேய்க்காமல் எந்தக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம்?

நீல விளக்கின் கீழே வைத்து, ரத்தம் மாற்றி, குழந்தையைப் பிழைக்க வைத்தார்கள். இன்று பள்ளிக்கூடம் போகிறான். ஆனால் அந்தப் பாட்டி, "என் கையாலேயே போட்டேனே" என்று வெகு நாள் அழுதார்கள். அன்பாகச் செய்த காரியம் அது. உருண்டை விற்றவரும் சொல்லவில்லை, பெட்டியை ஒழுங்கு பண்ணக் கற்றுக்கொடுத்தவர்களும் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2008-லேயே நாப்தலின் உருண்டைக்குத் தடை வந்துவிட்டது. நம் வீடுகளிலோ இன்னும் பீரோவுக்குப் பீரோ உருள்கிறது.

ஆகவே ஏற்காட்டுச் சகோதரி, உங்கள் பெட்டியில் உருண்டை போட்டிருந்தால் அந்தத் துணிகளைப் பேரனுக்குப் போடவே வேண்டாம். ஒரு தடவை துவைத்தால் போய்விடும் என்று நம்பாதீர்கள். நினைவுக்கு வைத்துக்கொள்ள ஆசையென்றால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுங்கள்! குழந்தைக்குத் துவைத்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, மேலே உருண்டையே பார்க்காத புதுக் கம்பளி ஒன்று போதும். குழந்தையைத் தூக்குகிற பெரியவர்களின் சால்வையிலும் அந்த வாடை இருக்கக் கூடாது.

இளம் தாய்மார்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தையின் மஞ்சள் நிறம் கால், உள்ளங்காலுக்கு இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, காலை வெயில் காட்டிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள். உருண்டை வாடை பட்ட துணி போட்டிருந்தால் அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். தவழ்கிற குழந்தை உருண்டையை மிட்டாய் என்று வாயில் போட்டுவிட்டால், வாடை போகட்டும் என்று பால் கொடுக்காதீர்கள். கொழுப்பில் அது சீக்கிரம் கரையும். நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"அப்போ கற்பூரம் போடலாமா?" என்பீர்கள். அதுவும் வேண்டாம். குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும்.

உருண்டை இல்லாமல் எப்படி?

சுத்தமும் உலர்ச்சியும்தான் உருண்டைக்குப் பதில். நைலான் ஜெர்கினுக்கு உருண்டை எப்போதுமே வெட்டிச் செலவு, அதை அந்து தின்னாது என்று மேலேயே பார்த்தோம். கம்பளியைத் துவைத்துக் காயவைத்து, மடிப்பு, தையல், காலர் ஓரங்களை பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். முட்டை ஒளிந்திருப்பது அங்கேதான். பிறகு துவைத்த பழைய வேட்டியில் சுற்றி, இறுக மூடுகிற பெட்டியில் வையுங்கள். பெட்டியையும் முதலில் துடைத்து வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். காய்ந்த வேப்பிலை, கிராம்பு, வசம்பு போடலாம். அந்த வாசனை பூச்சியைத் தயங்க வைக்கலாம், முட்டையைக் கொல்லாது. அதனால் மாதம் ஒரு தடவை திறந்து உதறி, காற்றாட விடுவதை விடாதீர்கள்.

அந்து ஏற்கனவே வந்துவிட்டதென்று சந்தேகமா? உலர்ந்த கம்பளியை பிளாஸ்டிக் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரை குளிரும் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்து, பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டு, பிறகு திறங்கள். புழுவும் முட்டையும் ஒழிந்துவிடும்.

வீட்டில் இப்போது இருக்கிற உருண்டைகளை என்ன செய்வது? குழந்தை கைக்கு எட்டாதபடி பையில் கட்டி, குப்பைக்காரரிடம் என்னவென்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அடுப்பில் போடாதீர்கள், அது எரியும்.

கடைசியாக ஒரு கைக்குறிப்பு. ஜிப் முரண்டு பிடித்தால் இழுத்துப் பிய்க்க வேண்டாம். பல்லின்மேல் மெழுகுவத்தியைத் தேய்த்து, நாலு தடவை மேலும் கீழும் ஓட்டுங்கள். வழிக்கு வந்துவிடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் அடித்தால் பெட்டியை இறக்குங்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருந்தால், நாப்தலின் விஷயத்தை அவளிடமும், முக்கியமாக அவள் அம்மாவிடமும் மாமியாரிடமும் சொல்லுங்கள். பெட்டியின் சாவி அவர்களிடம்தானே இருக்கிறது!

அடுத்த இதழில், வெயில் காலத்துக்கு மண்பானையைப் பழக்குவது பற்றிப் பேசுவோம்.